யுஎஸ்பி சேர்த்த டாட் போர்டு முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டாட் போர்டில், அதாவது துளைகளைச் சுற்றிச் செப்புப் புள்ளிகள் கொண்ட பலகையில், மைக்ரோகன்ட்ரோலரைப் பற்றவைத்து, அதனுடன் யுஎஸ்பி சாக்கெட் ஒன்றையும் தாமே சேர்ப்பவர்கள் சந்திக்கும் பழுதுகள் உண்மையில் அதிகமில்லை. ஏழெட்டுப் பழுதுகள்தாம் வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்லூரித் திட்டப்பணிக் காலத்தில் என் மேசைக்கு வந்து சேரும் போர்டுகளைச் சரிசெய்யும்போது எழுதி வைத்த குறிப்புகளை இங்கே அறிகுறி வாரியாக அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்குக் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் சிப்பையே மாற்ற வேண்டிய காரணம் கடைசியிலும் வரும். அந்த வரிசையைத் தாண்டிக் குதித்தவர்கள் பெரும்பாலும் நல்ல சிப்பைப் பிடுங்கிவிட்டுக் கெட்ட கேபிளைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களே.

தொடங்குமுன் உங்கள் போர்டு எந்த வகை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் வகையில் ஏடிமெகா328பி போன்ற யுஎஸ்பி அறியாத சிப்புக்கு முன்னால் சிஎச்340ஜி, சிபி2102, எஃப்டி232ஆர் போன்ற, யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றித் தரும் மாற்றி சிப் ஒன்று நிற்கும். இரண்டாம் வகையில் ஏடிடைனி85, ஏடிமெகா8 போன்ற சிப்பில் வி-யுஎஸ்பி என்னும் மென்பொருளே யுஎஸ்பி வேலையைச் செய்யும். மூன்றாம் வகையில் ஏடிமெகா32யு4, எஸ்டிஎம்32எஃப்103, ஆர்பி2040 போல சிப்புக்குள்ளேயே யுஎஸ்பி இருக்கும். கீழே கிளைகள் பிரிவது இந்த மூன்றை வைத்துத்தான்.

கையில் ஒரு மல்டிமீட்டரும், வேறு சாதனத்தில் தரவு கடத்தியதை நீங்களே பார்த்த ஒரு கேபிளும், தனி அடாப்டர் உள்ள ஒரு யுஎஸ்பி 2.0 ஹப்பும் இருக்கட்டும். புதுப் போர்டை மடிக்கணினியில் நேரடியாகச் செருகாதீர்கள். குறுக்கு இணைப்பு ஏதும் இருந்தால் மடிக்கணினியின் போர்ட்டுக்குப் பதிலாக ஹப் போகட்டும். லினக்ஸ் கணினி ஒன்று அருகில் இருந்தால் இன்னும் நல்லது. விண்டோஸ் ஒரே வரியில் மறைத்துவிடுவதை லினக்ஸின் டிமெசேஜ் (dmesg) கட்டளை விவரமாகச் சொல்லிவிடும்.

## எந்த அறிகுறியானாலும்: செருகுவதற்கு முன்

போர்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். எண் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏறினால் மின்தேக்கி நிரம்புகிறது, கவலை வேண்டாம். சில ஓம் மட்டும் காட்டி அங்கேயே நின்றால் எங்கோ ஈயம் ஒட்டியிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை மேலே போகாதீர்கள்.

அடுத்து, கேபிளைப் போர்டில் செருகி, அதன் மறுமுனையில் உள்ள டைப்-ஏ பிளக்குக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு பட்டைகளில் வெளிப்பக்கம் உள்ள நீளமான இரண்டும் மின்சாரத்துக்கும், உள்ளே தள்ளி நிற்கும் குட்டையான இரண்டும் தரவுக்கும் உரியவை. 1 என்பது 5 வோல்ட், 2 என்பது டி−, 3 என்பது டி+, 4 என்பது கிரவுண்டு. மீட்டரின் ஒரு முள்ளை இந்தப் பட்டையிலும் இன்னொரு முள்ளைச் சிப்பின் காலிலும் வைத்து பீப் ஒலி வருகிறதா என்று சோதித்தால், கேபிள், சாக்கெட், பற்றவைப்பு மூன்றும் ஒரே அளவீட்டில் சோதிக்கப்பட்டுவிடுகின்றன. தரவுக் கம்பியில் தொடர் மின்தடையம் வைத்திருந்தால் பீப் வராமல் அதன் மதிப்பு காட்டக்கூடும், அதுவும் சரியே. டாட் போர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துக் கம்பி இழுக்கும்போது இடமும் வலமும் மாறிவிடுவதால், குறிப்பாகச் சதுரமான டைப்-பி சாக்கெட்டில், 5 வோல்ட் நேராகத் தரவுக் காலுக்குப் போய்ச் சேர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதை மின்சாரம் கொடுத்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

## அறிகுறி 1: செருகினால் விளக்குக்கூட எரியவில்லை

### டைப்-சி சாக்கெட் வைத்திருந்தால்

கணினியின் டைப்-ஏ துளையிலிருந்து வரும் கேபிளில் போர்டு வேலை செய்து, இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் மட்டும் இறந்து கிடந்தால் மேலே ஆராய வேண்டியதில்லை: சிசி1, சிசி2 என்னும் இரண்டு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியே 5.1 கிலோஓம் மின்தடையங்கள் வைக்கப்படவில்லை. அவை இல்லாதவரை எதிர்முனை 5 வோல்ட்டைத் திறந்துவிடாது. இரண்டு கால்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு ஒரே மின்தடையம் வைப்பதும் தீர்வாகாது. 2019இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4இன் முதல் பதிப்பே இந்தத் தவற்றால் சில வகைக் கேபிள்களில் மின்சாரம் பெறாமல் நின்றது, பின்னர் வந்த பதிப்பில் திருத்தப்பட்டது.

பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்து, திருப்பிச் செருகினால் செய்யாவிட்டால், ஒரு சிசி காலில் மட்டும் மின்தடையம் உள்ளது என்று பொருள். விளக்கு இரு பக்கமும் எரிந்து, தரவு மட்டும் ஒரு பக்கத்தில் வந்தால், ஏ6 காலையும் பி6 காலையும் டி+க்காகவும், ஏ7 காலையும் பி7 காலையும் டி−க்காகவும் இணைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

கடைகளில் 6 கால் டைப்-சி சாக்கெட் ஒன்று கிடைக்கிறது. பற்றவைக்க எளிது என்று மாணவர்கள் அதை விரும்பி வாங்கி வருகிறார்கள். அதில் தரவுக் கால்களே கிடையாது. மின்சாரத்துக்கு மட்டுமே ஆனது. யுஎஸ்பி வேண்டுமென்றால் 16 கால் சாக்கெட்டோ, அதைத் தாங்கிய சிறு தட்டோ கேட்டு வாங்குங்கள்.

### மைக்ரோ அல்லது டைப்-பி சாக்கெட் வைத்திருந்தால்

முதலில் கேபிளை மாற்றுங்கள். பிறகு சாக்கெட்டின் 5 வோல்ட் காலில் மின்னழுத்தம் அளந்து பாருங்கள். சாக்கெட்டில் 5 வோல்ட் இருந்து சிப்பில் இல்லாவிட்டால் இடையில் உள்ள ஃபியூஸையோ, திருப்பி வைக்கப்பட்ட டயோடையோ, ரெகுலேட்டரையோ பாருங்கள். சாக்கெட்டிலேயே இல்லாவிட்டால், பிளக்கை மெல்ல மேலும் கீழும் அசைத்து மீட்டரைக் கவனியுங்கள். எண் வந்து வந்து போனால் சாக்கெட்டின் கால் ஈயத்திலிருந்து விட்டிருக்கிறது. மைக்ரோ சாக்கெட்டின் உலோகக் கூட்டை நான்கு மூலையிலும் நன்றாகப் பற்றவைக்காதவரை கேபிளின் இழுவை முழுவதும் முடி போன்ற அந்த ஐந்து கால்களில் விழும் என்பதால் இது மீண்டும் மீண்டும் நிகழும். செப்புத் தடமே பெயர்ந்து வந்துவிட்டதென்றால் கைபேசி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். நுண்ணோக்கியும் சூடான காற்றும் வைத்திருக்கும் அவருக்கு அது சிறு வேலை, சாதாரண சால்டரிங் அயனோடு முயல்பவருக்குப் போர்டையே இழக்கும் வேலை.

## அறிகுறி 2: விளக்கு எரிகிறது, கணினி கண்டுகொள்ளவே இல்லை

ஒலியும் இல்லை, டிமெசேஜில் ஒரு வரியும் இல்லை என்ற நிலை இது. பிழைச் செய்தி ஏதேனும் வந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள், இரண்டும் வேறு. தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோஓம் மின்தடையம் மேலே இழுத்துப் பிடிப்பதை வைத்தே கணினி ஒரு சாதனம் வந்திருப்பதை உணர்கிறது. எனவே கணினி மௌனமாக இருந்தால் அந்த இழுவை கணினியைச் சென்றடையவில்லை.

முதல் காரணம், வழக்கம்போல், சார்ஜ் செய்ய மட்டும் ஆன கேபிள். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மேலே சொன்ன பீப் சோதனையில் நடுவில் உள்ள இரண்டு பட்டைகளும் மௌனமாக இருந்தால் அந்தக் கேபிளில் முடிச்சுப் போட்டுத் தனியே வையுங்கள்.

கேபிள் நல்லதென்றால், கணினியில் செருகிய நிலையில் தரவுக் கால்களின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

### மாற்றி சிப் உள்ள போர்டு

இழுவை மின்தடையம் சிப்புக்குள்ளேயே இருப்பதால், டி+ காலில் 3 வோல்ட் அளவு இல்லையென்றால் சிப் உயிர்பெறவில்லை. சிஎச்340ஜி என்றால் வி3 காலைப் பாருங்கள்: 5 வோல்ட்டில் இயக்கும்போது அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிறு மின்தேக்கி வேண்டும், 3.3 வோல்ட்டில் இயக்கும்போது அதே காலை 3.3 வோல்ட்டோடு சேர்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பிறகு, சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பாருங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், கிரிஸ்டல் தேவைப்படாத சிஎச்340சி வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் போர்டு செய்யும் யாருக்கும் நான் அதையே சொல்கிறேன். எஃப்டி232ஆர்எல் என்றால் 26ஆம் கால், அதாவது டெஸ்ட் என்று பெயரிட்டது, கிரவுண்டோடு இணைந்திருக்க வேண்டும். பெயரைப் பார்த்துத் தேவையற்றது என்று அதை அப்படியே விட்டுவிடுவார்கள், சிப் எழுந்திருக்காது.

### சிப்புக்குள்ளேயே யுஎஸ்பி உள்ள போர்டு

இங்கே வன்பொருளையும் மென்பொருளையும் பிரித்துப் பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. ஆர்பி2040இல் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே செருகினால் சிப்பின் நிரந்தர நினைவகத்தில் உள்ள நிரல் ஓடி, ஒரு பென்டிரைவ் போலக் கணினியில் தோன்றும். தோன்றினால் உங்கள் கம்பிகள், 27 ஓம் தொடர் மின்தடையங்கள், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எல்லாம் சரி, தவறு உங்கள் நிரலில். ஏடிமெகா32யு4 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே, புது நிரலை ஏற்றிக்கொள்ள உதவும் பூட்லோடர் என்னும் சிறு நிரலுடன் வருவதால், வெறும் சிப்பே 03ஈபி:2எஃப்எஃப்4 என்ற எண்ணுடன் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் யுகேப் காலில் உள்ள 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும், விபஸ் கால் 5 வோல்ட்டோடு இணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எஸ்டிஎம்32எஃப்103இன் உள் பூட்லோடருக்கு யுஎஸ்பி தெரியாது. அதில் இந்தக் குறுக்கு வழி இல்லை, சீரியல் வழியாகவோ எஸ்டி-லிங்க் என்னும் நிரலேற்றும் கருவி வழியாகவோ அறிந்த நிரல் ஒன்றை ஏற்றித்தான் சோதிக்க வேண்டும்.

### வி-யுஎஸ்பி போர்டு

1.5 கிலோஓம் மின்தடையம் டி−இல் இருக்க வேண்டும், டி+இல் அல்ல. அதை ஒரு காலின் வழியாகக் கட்டுப்படுத்தும் சுற்று என்றால், நிரல் ஓடாதவரை இழுவையும் இராது. எனவே ஃபியூஸ் பிட்டுகளிலிருந்து, அதாவது கடிகாரம் போன்றவற்றைத் தீர்மானிக்கும் சிப்பின் உள் அமைப்புகளிலிருந்து, தொடங்குங்கள்.

## அறிகுறி 3: ‘அடையாளம் தெரியாத சாதனம்’ என்று வருகிறது

விண்டோஸில் 43 என்ற எண்ணோடு ‘டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்றும், லினக்ஸில் எரர் −71 அல்லது −110 என்றும் வருவது இதுவே. கணினிக்கு யாரோ கதவைத் தட்டியது கேட்டது, ஆனால் பேச்சு புரியவில்லை. டிரைவரை அழித்து அழித்து நிறுவுவதில் ஒரு மாலைப் பொழுதையே கழித்துவிட்டு வருபவர்கள் இந்த அறிகுறியோடுதான் வருகிறார்கள். டிரைவர் என்ற பேச்சே இந்த இடத்தில் இன்னும் எழவில்லை. சாதனம் தன் பெயரைச் சொன்ன பிறகே டிரைவருக்கு வேலை.

### டி+, டி− இடம் மாறியிருக்கிறதா?

டிமெசேஜில் வரும் முதல் வரியைக் கவனியுங்கள். முழுவேகச் சாதனம் டி+ஐயும், குறைவேகச் சாதனம் டி−ஐயும் மேலே இழுக்கின்றன. ஆகவே முழுவேகச் சாதனமான சிஎச்340ஓ எஸ்டிஎம்32ஓ செருகியதும் ‘நியூ லோ-ஸ்பீடு யுஎஸ்பி டிவைஸ்’ என்று கணினி சொன்னால், இரண்டு கம்பிகளும் மாறியிருக்கின்றன. வி-யுஎஸ்பி போர்டைச் செருகி ‘ஃபுல்-ஸ்பீடு’ என்று வந்தாலும் அதே முடிவு. மீட்டர்கூட எடுக்காமல் தீர்ந்துபோகும் இந்தச் சோதனைக்காகவே லினக்ஸ் கணினி வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

### இழுவையின் அளவு சரியா?

முழுவேகப் போர்டைச் செருகியதும் டி+ காலில் ஏறத்தாழ 3.0 வோல்ட் இருக்க வேண்டும்; 1.5 கிலோஓம் மேலே இழுக்க, கணினிப் பக்கத்தில் உள்ள 15 கிலோஓம் கீழே இழுப்பதால் வரும் எண் அது. புளூ பில் என்று அழைக்கப்படும் எஸ்டிஎம்32எஃப்103 போர்டுகள் பலவற்றில் ஆர்10 என்ற இடத்தில் 1.5க்குப் பதிலாக 10 கிலோஓம் வைத்திருக்கிறார்கள். அப்போது டி+ 2 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றுவிடும். ஒரு கணினி ஏற்றுக்கொள்ளும், இன்னொன்று மறுக்கும். ‘என் கணினியில் ஓடியது, ஆய்வகத்தில் ஓடவில்லை’ என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஆர்10ஐப் பிடுங்கத் தேவையில்லை. ஏ12 காலுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 1.8 கிலோஓம் ஒன்றைப் பற்றவைத்தால் இரண்டும் சேர்ந்து 1.53 கிலோஓம் அளவுக்கு வந்துவிடும்.

இதே போர்டில் இன்னொன்று: இழுவை நிரந்தரமாக இருப்பதால் ரீசெட் பொத்தானை அழுத்தியபோது சாதனம் மறைந்து திரும்பியது கணினிக்குத் தெரியாது, பழைய முகவரியிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். கழற்றிச் செருகினால் மட்டும் சரியாகிறது என்றால், நிரலின் தொடக்கத்தில் ஏ12ஐச் சில மில்லிநொடி கிரவுண்டுக்கு இறக்கிவிட்டுப் பிறகு யுஎஸ்பியைத் தொடங்குங்கள்.

வி-யுஎஸ்பி போர்டில் டி−, 2.7 வோல்ட்டுக்குக் குறையாமலும் 3.6ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இங்கே குற்றவாளி பெரும்பாலும் ஜீனர் டயோடு. 3.6 வோல்ட் என்று கேட்டால் சில கடைகளில் 1 வாட் ஜீனரைக் கொடுத்துவிடுவார்கள். அதன் உள் மின்தேக்கம் கூடுதலாக இருப்பதால் சைகையின் விளிம்பு மழுங்கிப்போகும். கால் வாட் அல்லது அரை வாட் ஜீனர் என்று சொல்லிக் கேளுங்கள். தொடர் மின்தடையங்கள் 68 ஓம் ஆக இருக்கட்டும். நிறப்பட்டையைத் தவறாகப் படித்து 680 ஓம் வைத்தவர்களும் உண்டு.

### கடிகாரம் சரியா?

முழுவேக யுஎஸ்பி கடிகாரத்தில் 0.25 சதவீதத்துக்கு மேல் பிசகைப் பொறுக்காது, குறைவேகம் 1.5 சதவீதம் வரை பொறுக்கும். எனவே எஸ்டிஎம்32எஃப்103இல் உள் ஆர்சி கடிகாரத்தை நம்பக் கூடாது. 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து 72க்கு ஏற்றி, அதை 1.5ஆல் வகுத்து 48 மெகாஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டும். வி-யுஎஸ்பியில் நிரலைத் தொகுத்த வேகமும் ஃபியூஸ் பிட்டில் அமைத்த வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். 12, 15, 16, 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் செல்லும், கடையில் எளிதில் கிடைக்கும் 8 செல்லாது.

ஒரு முறை வந்த சிஎச்340ஜி போர்டு, செருகியவுடன் தெரியாது. கிரிஸ்டலின் ஒரு காலில் விரலை வைத்தால் உடனே கணினியில் தோன்றும், விரலை எடுத்தாலும் தொடர்ந்து ஓடும். அதைக் கொண்டு வந்த மாணவர், ‘கை வைத்தால்தான் எழுந்திருக்கிறது, சார்’ என்று சற்றுப் பெருமையாகவே காட்டினார். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது 22 பிகோஃபாரட் மின்தேக்கிகளில் ஒன்றின் கால் ஈயத்தில் மூழ்கியதுபோல் தெரிந்தாலும், சுற்றி ஒரு மெல்லிய கருவளையம். ஃபிளக்ஸ் கருகி நடுவில் நின்றிருந்தது. அந்த ஒரு புள்ளியை மீண்டும் சூடாக்கிப் புது ஈயம் கொடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கியால் ஃபிளக்ஸைத் துடைத்ததும் விரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கிரிஸ்டலை சிப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் வையுங்கள். அதன் கம்பிகளை டாட் போர்டின் மறுமூலை வரை இழுக்காதீர்கள்.

### யுஎஸ்பி 3 துளையில் மட்டும் தோற்கிறதா?

வி-யுஎஸ்பி போர்டுகளில் இது வழக்கம். இடையில் யுஎஸ்பி 2.0 ஹப் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். போர்டில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு −71 போகவில்லை என்றால் சிப்பை மாற்றுங்கள். அதுவும் பயன் தராவிட்டால், ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் ஒருவரிடம் சைகையின் வடிவத்தைக் காட்டுவதே அடுத்த படி. மல்டிமீட்டரால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

## அறிகுறி 4: பெயர் தெரிகிறது, போர்ட் எண் வரவில்லை

இப்போதுதான் டிரைவரின் முறை. லினக்ஸின் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையிலோ விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலோ சாதனத்தின் இரட்டை எண்ணை, அதாவது நிறுவனத்தையும் சாதனத்தையும் குறிக்கும் எண் இணையைப் பாருங்கள். சிஎச்340க்கு 1ஏ86:7523, சிபி2102க்கு 10சி4:இஏ60, எஃப்டி232ஆர்க்கு 0403:6001. எண் சரியாக இருந்தால் அந்தச் சிப்பைச் செய்த நிறுவனத்தின் டிரைவரை நிறுவுவதோடு வேலை முடிந்தது.

எண் 0403:0000 என்று காட்டினால் கதையே வேறு. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர் ஒன்று, போலிச் சிப்புகளைக் கண்டு அவற்றின் எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதியது. பழைய மூலையிலிருந்து எடுத்த மாட்யூலில் இது இன்றும் தென்படலாம். நேரம் செலவிடாமல் வேறு மாட்யூல் வாங்குங்கள்.

லினக்ஸில் இரண்டு தனிக் காரணங்கள் உண்டு. உபுண்டு 22.04இல் சிஎச்340 செருகிய நொடியே தோன்றி மறைந்தால், பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதைத் தன்னுடையது என்று எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம். போர்ட் தெரிந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். வெளியேறாமல், சேர்த்தும் பயனில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

மூன்றாம் வகைப் போர்டில் நிரலின் விவரங்களை மாற்றி, இரட்டை எண்ணை மட்டும் அப்படியே வைத்திருந்தால், விண்டோஸ் தன் நினைவில் உள்ள பழைய டிரைவரையே கொடுக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை நீக்கிவிட்டு மீண்டும் செருகுங்கள்.

## அறிகுறி 5: போர்ட் வருகிறது, நிரல் ஏறவில்லை

‘நாட் இன் சிங்க்’ என்றோ, இஎஸ்பி32 என்னும் வைஃபை சிப் என்றால் ‘கனெக்டிங்’ என்று புள்ளிபுள்ளியாகவோ போய்க்கொண்டிருக்கும். முதலில் மாற்றி சிப்பைத் தனியே சோதியுங்கள்: மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) கம்பிகளை விடுவித்து, மாற்றியின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒன்றோடொன்று ஒரு கம்பியால் இணைத்து, சீரியல் மானிட்டரில் ஏதேனும் தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் யுஎஸ்பிப் பக்கம் முழுவதும் நலம். குறை அதற்கு அப்பால்.

அப்பால் பார்க்க வேண்டிய வரிசை இது. மாற்றியின் டிஎக்ஸ் சிப்பின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். பெயர் பார்த்து டிஎக்ஸை டிஎக்ஸோடு இணைப்பதே மிகப் பரவலான தவறு. அடுத்து, அதே கால்களில் புளூடூத் மாட்யூலோ ஜிபிஎஸ் மாட்யூலோ தொங்கிக்கொண்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பிறகு பூட்லோடரின் வேகம்: நானோ வகைப் போர்டுகளில் 2018க்கு முந்தைய பூட்லோடர் 57600 வேகத்திலும் பிந்தையது 115200 வேகத்திலும் பேசுகிறது, ஆர்டுயினோ பட்டியலில் ‘ஓல்டு பூட்லோடர்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ரீசெட் பொத்தானைச் சரியான நொடியில் கையால் அழுத்தினால் மட்டும் நிரல் ஏறுகிறது என்றால், மாற்றியின் டிடிஆர் காலிலிருந்து ஏடிமெகாவின் ரீசெட் காலுக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இல்லை, அல்லது ரீசெட்டை மேலே பிடிக்கும் 10 கிலோஓம் இல்லை. மின்தேக்கிக்குப் பதில் நேராகக் கம்பி போட்டுவிட்டால் சீரியல் மானிட்டரைத் திறந்திருக்கும் வரை சிப் ரீசெட்டிலேயே கிடக்கும். இஎஸ்பி32இல் பூட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஏறுகிறது என்றால், இஎன் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரை ஒரு மின்தேக்கி வைத்துப் பாருங்கள்.

3.3 வோல்ட் சிப்போடு 5 வோல்ட் மாற்றியை இணைத்திருந்தால், அது இன்று ஓடினாலும் அந்தக் காலை நாளுக்கு நாள் தின்றுகொண்டிருக்கும். மாற்றியில் உள்ள மின்னழுத்த ஜம்பரை மாற்றுங்கள். எந்தப் போர்டானாலும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டிலும் 1 கிலோஓம் தொடராக வைப்பது நல்லது. மின்சாரம் இல்லாத சிப்பை மாற்றியின் டிஎக்ஸ் கால் மங்கலாக உயிர்ப்பித்துவைக்கும் பேய்த்தனத்தையும் அது குறைக்கும்.

## அறிகுறி 6: எழுத்துகள் குப்பையாக வருகின்றன

இருபுறமும் பாட் வேகம் ஒன்றுதானா என்று பார்த்த பின், சிப்பின் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். புதிய ஏடிமெகா328பி தொழிற்சாலையிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வருகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணித் தொகுத்த நிரல் அதில் பதினாறு மடங்கு மெதுவாக ஓடும்: ஒரு நொடிக்கு ஒரு முறை மின்ன வேண்டிய விளக்கு பதினாறு நொடிக்கு ஒரு முறை மின்னினால் ஃபியூஸ் பிட்டை மாற்றுங்கள். அவ்வளவே.

## அறிகுறி 7: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கப்படுகிறது

மோட்டாரோ ரிலேயோ இயங்கும் நொடியில் துண்டிப்பு நிகழ்கிறதா என்று முதலில் கவனியுங்கள். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது இங்கே எந்த அளவீட்டையும்விடப் பயன் தரும்.

### சுமை இயங்கும்போது மட்டும் துண்டித்தால்

யுஎஸ்பி 2.0 துளை, சாதனம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முன் 100 மில்லிஆம்பியரும், கேட்டுப் பெற்ற பின் 500 மில்லிஆம்பியரும் மட்டுமே கொடுக்கக் கடமைப்பட்டது. அதற்குள்ளும் கேபிள் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 28 கேஜ் செப்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம், 2 மீட்டர் கேபிளில் போகவும் வரவும் சேர்த்து 0.85 ஓம், 500 மில்லிஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே கரைந்துவிடும். சுமை இயங்கும்போது போர்டின் 5 வோல்ட் காலில் அளந்து, 4.5க்குக் கீழே போனால் முதலில் குட்டையான தடித்த கேபிளை முயலுங்கள். இஎஸ்பி32 வைஃபையைத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் மீட்டரின் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், அதற்கு 3.3 வோல்ட் தடத்தில் 100 மைக்ரோஃபாரட் வைத்துப் பார்ப்பதே சோதனை.

ஆனால் 5 வோல்ட் தடத்தில், சாக்கெட்டை ஒட்டி, 470 மைக்ரோஃபாரட் போட்டுவிட்டால் தீரும் என்று எண்ணாதீர்கள். யுஎஸ்பி விதிப்படி செருகும் கணத்தில் 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் தெரியக் கூடாது. பெரிய மின்தேக்கி செருகிய நொடியில் இழுக்கும் வேகத்தில் ஹப்பில் உள்ள மற்ற சாதனங்களும் சேர்ந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். மோட்டாருக்குத் தனி அடாப்டர் கொடுத்து, கிரவுண்டை மட்டும் பொதுவாக்குவதே நிலையான தீர்வு. அடாப்டரின் 5 வோல்ட்டும் யுஎஸ்பியின் 5 வோல்ட்டும் ஒரே தடத்தில் நேராகச் சந்திக்கக் கூடாது. இடையே 1என்5819 போன்ற ஷாட்கி டயோடு வையுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் கணினிக்குள் பின்னோக்கிப் பாயும்.

மின்னழுத்தம் இறங்கவில்லை, இருந்தும் ரிலே விடும் கணத்தில் துண்டிக்கிறது என்றால், ரிலேச் சுருளின் குறுக்கே டயோடு இருக்கிறதா, சரியான திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தரவுக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, ரிலேயிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

### சுமையில்லாமலும் துண்டித்தால்

சாக்கெட்டின் பற்றவைப்பு, கேபிள், அதன் பின் கணினியின் மின்சேமிப்பு அமைப்பு, இந்த வரிசையில். மின்விசிறி சுழலும்போது மட்டும் துண்டித்தது என்று ஒருவர் கொண்டு வந்தார்; காற்றில் கேபிள் ஆடியிருக்கிறது.

## அறிகுறி 8: சிப் சுடுகிறது, அல்லது துளையே அணைந்துவிட்டது

உடனே கழற்றுங்கள். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். மாற்றி சிப்போ ரெகுலேட்டரோ வெற்றோட்டத்திலேயே சுட்டால், 5 வோல்ட் தடத்தை முதலில் சொன்னபடி அளந்து, சிப்பைக் கழற்றி மீண்டும் அளந்து பாருங்கள். கழற்றியதும் குறுக்கு இணைப்பு மறைந்தால் சிப் போய்விட்டது.

டிமெசேஜில் ‘ஓவர்-கரன்ட் கண்டிஷன்’ என்று வந்து துளை அணைந்திருந்தால், கணினியை முழுவதும் நிறுத்தி, அடாப்டரையும் கழற்றிச் சில நிமிடம் கழித்து, நன்றாக இருக்கும் என்று தெரிந்த ஒரு பென்டிரைவைச் செருகுங்கள். அது வேலை செய்தால் பாதுகாப்புச் சுற்று தன் கடமையைச் செய்திருக்கிறது. செய்யாவிட்டால் மடிக்கணினி பழுது பார்ப்பவரிடம் செல்ல வேண்டும். அதற்குள் உங்கள் போர்டை இன்னொரு துளையில் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

போர்டின் ரிலே 230 வோல்ட்டில் எதையாவது இயக்குகிறதென்றால், அதை மின்கம்பியிலிருந்து முழுவதும் விடுவிக்காமல் யுஎஸ்பி கேபிளைத் தொடவே கூடாது. மடிக்கணினியை வைத்துக்கொண்டுதான் அதைச் சோதிக்க வேண்டும் என்றால் இடையில் ஏடியுஎம்4160 போன்ற சிப் கொண்ட யுஎஸ்பி ஐசொலேட்டர் வையுங்கள். உலோகக் கூட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பது, இரு கால் பிளக் உள்ள அடாப்டரின் கசிவாகவும் இருக்கலாம், வீட்டின் எர்த் அறுந்திருப்பதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிவது மின்பணியாளரின் வேலை, நம்முடையதல்ல.

யாரிடம் கொண்டுபோனாலும் போர்டை மட்டும் நீட்டாமல், கையால் வரைந்ததானாலும் ஒரு சுற்றுப்படமும், அடிப்பக்கத்தின் தெளிவான புகைப்படம் ஒன்றும், செருகிய நிலையில் 5 வோல்ட், டி+, டி− கால்களில் அளந்த மூன்று எண்களும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ‘நேற்று வரை ஓடியது’ என்பதிலிருந்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது, டி+ 1.98 வோல்ட் என்றால் போர்டைப் பார்க்காமலே ஆர்10 என்று சொல்லிவிடுவார்.